உலையைப் பார்க்க இன்னொரு ஆள்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில், குழந்தை, குடும்பம், எழுத்து மூன்றையும் வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று ஒரு வரி போட்டிருந்தோம். நான் எதிர்பார்த்ததைவிட நிறைய வந்துவிட்டது. கையெழுத்துக் கடிதங்கள், மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் குரல் பதிவுகள். ஒரு பதிவில் பேச்சின் நடுவே குக்கர் விசில் அடிக்கிறது, பேசுகிறவர் "ஒரு நிமிஷம் மேடம்" என்று போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். அதை மூன்று தடவை கேட்டேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கல்யாணத்துக்கு முன்பு என் சிறுகதைகள் ஏழெட்டு அச்சில் வந்தன. இப்போது மகனுக்கு எட்டு மாதம். அவன் தூங்கும்போது எழுத உட்கார்ந்தால், இரண்டாவது வரியிலேயே என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துவிடுகிறது. எழுத்து என்னை விட்டுப் போய்விட்டதா அக்கா? – வாசகி, ஈரோடு

போகவில்லை. உங்களுக்குத் தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான். எட்டு மாதமாக ராத்திரி மூன்று தடவை எழுந்து பால் கொடுக்கிறவருக்கு, சர்க்கரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே சர்க்கரையைத் தேடுகிற நிலையில் இருப்பவருக்கு, ஒரு கதையின் முதல் வரியையும் கடைசி வரியையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்க முடியாதது இயல்பு. தமிழக அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்குப் பேறுகால விடுப்பு 2021 முதல் பன்னிரண்டு மாதம். அலுவலகக் கோப்பு பார்க்கிறவருக்கே ஒரு வருஷம் தேவை என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டிருக்கிறது. எழுதுகிறவளுக்கு விடுப்பு கொடுக்க ஆள் இல்லை என்பதால், அவளே தனக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீங்கள் இன்னும் கொடுத்துக்கொள்ளவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது.

என் மூத்தவள் 1996இல் பிறந்தாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நான் ஒரு கதைகூட முடிக்கவில்லை. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அவ்வப்போது ஒரு வரி எழுதி வைப்பேன், கதையாக இல்லை, கண்ணில் பட்டது, காதில் விழுந்தது. 'தாலாட்டில் மாமன் வருகிற இடத்தில் மட்டும் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது' என்று ஒரு நாள் எழுதியிருக்கிறேன். அம்மாவுக்கும் என் மாமாவுக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை, பிரசவத்துக்குக்கூட அவர் வந்து பார்க்கவில்லை. மூன்று வருஷம் கழித்து அந்த ஒரு வரியிலிருந்துதான் பதினான்கு பக்கக் கதை ஒன்று வந்தது. நீங்களும் ஒரு நாளைக்கு ஒரு வரி போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனா பிடிக்கக் கை ஒழியவில்லை என்றால், தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டே செல்போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். அதுவும் எழுத்துதான். நூறு நாவல்களுக்கு மேல் எழுதி, 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையையும் நடத்திய வை.மு. கோதைநாயகி, ஆறு வயது நிறைவதற்குள் கல்யாணமானவர். அவருடைய முதல் படைப்பான 'இந்திரமோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் எழுதினார். தமிழ் எழுதப் பழகியதே அப்புறம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குழந்தை தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, எதிலும் ஒட்டுதல் இல்லை, உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொண்டுவிடுவோமோ என்று பயம் வருகிறது என்றால், அது எழுத்துப் பிரச்சினை இல்லை. பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் இருக்கிறது. அடுத்த தடுப்பூசி வரைக்கும் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் என் எழுத்து பொழுதுபோக்கு. "சும்மாதானே உட்கார்ந்து எழுதிட்டு இருக்கே, கொஞ்சம் எந்திரிச்சு வா" என்று அத்தை கூப்பிடாத நாள் இல்லை. இது வேலை என்று எப்படிப் புரிய வைப்பது? – வாசகி, மதுரை

இதே கேள்வி வேறு வேறு வார்த்தைகளில் நிறையப் பேரிடமிருந்து வந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. மத்திய அரசின் புள்ளியியல் துறை, மக்கள் ஒரு நாளின் நேரத்தை எதில் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுக்க வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்பு 2019இல் ஒன்று, 2024இல் ஒன்று. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் செலவழித்தது 2019இல் ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஐந்து வருஷம் கழித்து எடுத்ததில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்கு இறங்கியது பத்து நிமிடம், ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் இறங்கியிருக்கிறது. பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவனிக்கிற நேரம் இதில் சேராது, அது தனி. உங்கள் வீட்டிலும் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் உங்கள் கை வேலைதான் ஓடிக்கொண்டிருக்கும். அதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. இதையே வேலையாகப் பார்க்காத கண்ணுக்கு, நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது வேலையாகத் தெரியுமா? அதனால் அத்தை மேல் மட்டும் கோபப்படாதீர்கள், அவர் செய்த வேலையையும் யாரும் வேலை என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது ஒரு வார இதழில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன், 26 வாரம், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அத்தியாயம் கூரியரில் போயாக வேண்டும். நான் யாரிடமும் எதுவும் விளக்கவில்லை. சமையலறையில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில், கேஸ் புக் செய்த தேதி, பால்காரருக்குப் பாக்கி இதெல்லாம் குறித்து வைக்கிற இடத்திலேயே, 'செவ்வாய் – அத்தியாயம்' என்று சிவப்பு மையில் எழுதினேன். ஒவ்வொரு வாரமும். இரண்டு மூன்று வாரத்தில் அத்தையே, "நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, முடிச்சிட்டியா?" என்று கேட்க ஆரம்பித்தார். அதற்கு முன்பு ஒரு சிறுகதைக்கு நூற்றைம்பது ரூபாய் மணியார்டர் வந்தபோது நான் வீட்டில் இல்லை. தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கேட்டதும், அதை அத்தைதான் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். அதுவும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மா வந்து என்னைக் கேட்டபோது, "அவ வேலையா இருக்கா, நாலு மணிக்கு மேல வாங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார். உள்ளே அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு ஒரு வரிகூட ஓடவில்லை, அழுகையாக வந்தது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, முதலில் உங்கள் வாயிலிருந்து 'கொஞ்சம் எழுதிட்டு வர்றேன்' என்பதை எடுத்துவிடுவது. 'ரெண்டிலிருந்து நாலு வரை எனக்கு வேலை இருக்கு அத்தை' என்று சொல்லுங்கள். கோபமில்லாமல், கெஞ்சாமல், தினமும் அதே நேரம். அந்த ரெண்டு மணி நேரத்தில் அவர் கூப்பிட்டால் எழுந்து போய், 'என்ன அத்தை, நாலு மணிக்குச் செய்யட்டுமா?' என்று கேட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். முதல் பதினைந்து நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். எத்தனையோ பேர் அந்தப் பதினைந்து நாளுக்குள் விட்டுவிடுகிறார்கள்.

நான் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். எழுத ஆசை. யாரைக் கேட்டாலும் "காலையில் நாலு மணிக்கு எழுந்திருங்க" என்கிறார்கள். முயன்றேன், பத்து நாளில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். எனக்கு ஒழுங்கு போதவில்லையா? – வாசகி, திருப்பூர்

உங்களிடம் ஒழுங்குக்கு என்ன குறை? காலையில் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டி, பள்ளி வேன் ஏற்றிவிட்டு, ஒன்பது மணிக்குக் கம்பெனியில் இருக்கிறீர்களே.

இந்த நாலு மணி அறிவுரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அமெரிக்காவின் டோனி மாரிசன் இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்தில் எடிட்டர் வேலையும் பார்த்துக்கொண்டு, விடிவதற்கு முன்பு எழுந்து எழுதினார். வங்காளத்தின் ஆஷாபூர்ணா தேவி பள்ளிக்கூடமே போகாதவர், கூட்டுக் குடும்பத்தின் வேலையெல்லாம் முடிந்த பிறகு ராத்திரியில் எழுதினார், 1976இல் ஞானபீட விருது பெற்ற முதல் பெண் அவர். நம் துவரங்குறிச்சியில், பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட கவிஞர் சல்மா, கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் யாருக்கும் தெரியாமல் இரவில் கழிவறையில் நின்றுகொண்டு எழுதினார். எல்லோரையும் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் இதையெல்லாம் கேட்டுவிட்டு 'பார், அவங்களால முடிஞ்சுது' என்று இன்னொரு பெண்ணிடம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்களுக்குப் பகலில் இரண்டு மணி நேரம் கிடைத்திருந்தால் தூக்கத்திலிருந்து எடுத்திருப்பார்களா? சல்மாவின் கதையில் எல்லோரும் கழிவறையைச் சொல்கிறார்கள், அந்தக் காகிதங்களை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்த்த அவருடைய அம்மாவைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்றால் எங்கோ ஒரு இடத்தில் இன்னொரு கை இருந்திருக்கிறது. அந்தக் கை கிடைக்காதவர்கள் எழுதாமலே போயிருக்கிறார்கள், அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

நாலு மணிக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பது மணிக்கெல்லாம் படுக்க வேண்டும். ஒன்பது மணிக்கு உங்கள் வீட்டில் பாத்திரம் யார் தேய்ப்பார்கள், மறுநாள் காய் யார் நறுக்குவார்கள், சின்னவனின் வீட்டுப்பாட நோட்டை யார் பார்ப்பார்கள்? இதற்கு உங்கள் பெயரைத் தவிர இன்னொரு பெயர் கிடைத்தால் நாலு மணிக்கு எழலாம். கிடைக்கவில்லை என்றால் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் கேளுங்கள். அந்த மூன்று மணி நேரமும் வீட்டில் உட்கார வேண்டாம், உட்கார்ந்தால் யாராவது கூப்பிடுவார்கள். நூலகம் திறந்திருந்தால் அங்கே, இல்லை ஒரு தோழி வீட்டில், இல்லை கோயில் பிராகாரத்தில். நான் ஒரு நாவலின் பாதியை ஒரு தோழியின் மொட்டை மாடி அறையில் எழுதினேன், அவள் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் கீழே ஒன்றாக விளையாடுவார்கள், அடுத்த வாரம் நான் பார்த்துக்கொள்வேன், அவள் தையல் வேலையை முடிப்பாள்.

என் மனைவி எழுதுகிறார். நன்றாக எழுதுகிறார் என்று நான் நினைக்கிறேன். மகளுக்கு நான்கு வயது. நான் எப்படி உதவலாம்? – வாசகர், தஞ்சாவூர்

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். உதவி வேண்டாம். உதவி என்றால் வேலை அவருடையது, நீங்கள் நடுவில் வந்து கை கொடுக்கிறீர்கள் என்று ஆகிவிடும். 'சொல்லு, செஞ்சு தர்றேன்' என்று நிற்கிற கணவருக்கு என்ன சொல்வது என்று யோசிப்பதே ஒரு வேலை. தோசை மாவை எடுத்துக்கொள்ளுங்கள். கிரைண்டரில் அரைப்பது அரை மணி நேரம்தான். ஆனால் மாவு தீரப் போகிறது என்று கவனிப்பது, உளுந்து இருக்கிறதா என்று பார்ப்பது, மத்தியானம் மறக்காமல் ஊற வைப்பது, அரைத்து உப்புப் போட்டுக் கரைத்து வைப்பது, காலையில் பொங்கி வழிவதற்கு முன்பு ஃபிரிட்ஜில் வைப்பது, இத்தனையும் ஒருவருடைய தலைக்குள் வாரம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது. கதை ஓட வேண்டிய இடத்தில் உளுந்து ஓடுகிறது. நீங்கள் மாவை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள், நினைவு வைப்பதிலிருந்து கிரைண்டர் கழுவுவது வரைக்கும். அதே மாதிரி பள்ளிக்கூடத்தை முழுசாக எடுத்துக்கொள்ளலாம். ஃபீஸ், யூனிபார்ம், வாட்ஸ்அப் குழுவில் டீச்சர் போடுகிற தகவல், மாறுவேடப் போட்டிக்கு என்ன வேஷம், எல்லாமே. டீச்சருக்கு உங்கள் எண்ணைக் கொடுங்கள்.

அப்புறம் அவர் எழுதும் நேரத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுங்கள், கதவுக்கு அந்தப் பக்கம் 'அம்மா எழுதுறா, சத்தம் போடாதே' என்று அவளை அதட்டிக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பவருக்கு எழுத்து வராது. எழுதியதைக் காட்டினால் முதலில் ஒற்றுப்பிழையைச் சொல்லாதீர்கள். அவர் காட்டவில்லை என்றால் கேட்காதீர்கள். பழைய தலைமுறையில் அநுத்தமா என்று ஒரு நாவலாசிரியர் இருந்தார், சின்ன வயதிலேயே கல்யாணமாகி வந்தவர். அவரை எழுதச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர் அவருடைய மாமனார். அந்தக் காலத்திலேயே முடிந்திருக்கிறது.

என் கதை ஒன்றில் வந்த மாமியார் பாத்திரம் தன்னைப் பற்றியது என்று என் மாமியார் நினைத்துவிட்டார். மூன்று மாதமாகப் பேச்சில்லை. மகளும் (14 வயது) "என்னைப் பத்தி எதுவும் எழுதாதே" என்கிறாள். குடும்பத்தை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? – வாசகி, சேலம்

எனக்கும் இது நடந்திருக்கிறது. என் சித்தி, சித்தப்பாவுக்குத் தெரியாமல் வளையலை அடகு வைத்துத் தன் தம்பிக்குப் பணம் கொடுத்த விஷயத்தை, எனக்குச் சொன்னது ரகசியமாக. நான் பெயரை மாற்றி, ஊரை மாற்றி, வளையலையும் சங்கிலியாக மாற்றி எழுதிவிட்டேன், மாற்றிவிட்டோமே என்ற தைரியத்தில். சித்தப்பா அந்த இதழை வாங்கிப் படித்தார். சித்தி இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. அதில் என் தப்புதான். கதை நல்ல கதை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன், அதற்காகச் சித்தி பட்டது சரியாகிவிடாது.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கிற வழக்கம் இது. ஒருவர் வாழ்க்கையில் நடந்ததை அப்படியே எடுப்பதில்லை. அதில் என்னைக் குத்தியது எது என்று பார்ப்பேன். சித்தி விஷயத்தில் என்னைக் குத்தியது வளையல் இல்லை, அது வீட்டில் இல்லாத அந்த ஆறு மாதமும் அவர் முழங்கை வரை புடவையை இழுத்து விட்டுக்கொண்டு நடமாடியது. அந்த மறைத்தலை எடுத்துக்கொண்டு போய் வேறொரு வீட்டில், வேறொரு வயதில், முடிந்தால் ஒரு ஆணிடம் வைத்திருக்கலாம். அப்படி வைத்தால் கதையும் நாம் எதிர்பார்க்காத பக்கம் போகும். குடும்பத்தை விட்டால் எதுவும் தெரியாது என்கிறீர்களே, அதற்கும் ஒரு பதில் உண்டு. ராஜம் கிருஷ்ணன் பதினைந்து வயதில் கல்யாணமாகி, மின்துறைப் பொறியாளரான கணவரோடு ஊர் ஊராகப் போனவர். நீலகிரிக்குப் போன இடத்தில் படகர் மக்களோடு பழகி 'குறிஞ்சித் தேன்' எழுதினார், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் போய்ப் பார்த்து 'கரிப்பு மணிகள்' எழுதினார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் அவரைப் போல நாம் கிளம்பிவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் மகளின் பள்ளி வேன் ஓட்டுநர், மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மா, ரேஷன் கடை வரிசை, இதெல்லாம் உங்கள் நடை தூரத்தில்தானே இருக்கிறது.

மகள் விஷயத்தில் பேச்சே இல்லை. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். பதினான்கு வயதில் வகுப்பில் யாராவது அதைப் படித்துவிட்டுச் சிரித்தால் அவள்தான் அங்கே நிற்க வேண்டும், நீங்கள் இருக்க மாட்டீர்கள். மாமியாரிடம் நேரில் போய், கதையை நீங்களே வாசித்துக் காட்டி, 'இந்த இடம் உங்களைப் பார்த்து எழுதினதுதான், வருத்தப்படுவீங்கன்னு யோசிக்கலை' என்று உண்மையைச் சொல்லுங்கள். 'அது நீங்க இல்லவே இல்லை' என்று நீங்கள் சாதித்தால் அவர் புண் ஆறாது.

முதல் புத்தகம் வரப்போகிறது. பதிப்பாளர் ஒரு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். 'அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே' என்று இருக்கிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் எங்கே போய் விசாரிப்பது? வருமானம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? – வாசகி, கோயம்புத்தூர்

கையெழுத்துப் போடாதீர்கள், முதலில் இதைப் படியுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு நிறுவனத்தின் ஊழியராக அதற்காக எழுதாமல், நீங்களாகவே எழுதிய படைப்புக்கு முதல் உரிமையாளர் நீங்கள்தான். உங்கள் வாழ்நாள் முழுக்க, அதற்குப் பிறகு 60 வருஷம் அந்த உரிமை இருக்கும். அதைப் பிறருக்குக் கொடுப்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், எந்த உரிமை, எத்தனை வருஷம், எந்த நாடுகளுக்கு, ராயல்டி எவ்வளவு என்று குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருஷம் என்றும், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். எனவே பதிப்பாளரிடம், 'அச்சுப் புத்தகம் மட்டும், தமிழில் மட்டும், மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்கு' என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். மின்னூல், ஒலிப்புத்தகம், மொழிபெயர்ப்பு, சினிமா இவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தயங்காதீர்கள், நல்ல பதிப்பாளர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள்.

வருமானம் பற்றி மனசு உடையாமல் கேளுங்கள். தமிழில் ராயல்டி பொதுவாகப் பத்து சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகத்தில் பிரதிக்கு இருபது ரூபாய், ஐநூறு பிரதி விற்றால் பத்தாயிரம் ரூபாய். இதை வைத்து வேலையை விட முடியாது. ஆனாலும் அதைக் கேட்டு வாங்குங்கள், வருஷத்துக்கு ஒரு முறை விற்பனைக் கணக்கும் கேளுங்கள், வந்த பணத்தை உங்கள் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள். நான் என் முதல் ராயல்டியில் ஒரு மேசை வாங்கினேன். அதுவரை சாப்பாட்டு மேசையில் எழுதிவிட்டு மூன்று வேளையும் காகிதங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன், ஒரு முறை ஒரு அத்தியாயத்தில் சாம்பார் கொட்டியிருக்கிறது. மேசை வந்த பிறகு எழுதியதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக முடிந்தது. திரும்பி வரும்போது வாக்கியம் விட்ட இடத்திலேயே இருந்தது.

"அம்மா எனக்குக் கதை சொல்ல மாட்டேங்குது, கம்ப்யூட்டருக்குத்தான் சொல்லுது" என்று என் ஆறு வயது மகன் அவன் பாட்டியிடம் சொன்னான். அன்றிலிருந்து உட்கார முடியவில்லை. – வாசகி, நாகர்கோவில்

இன்று ராத்திரி அவனுக்கு ஒரு கதை சொல்லுங்கள், நீளமாகவே சொல்லுங்கள். நாளைக்கு உங்கள் நேரத்துக்கு எழுத உட்காருங்கள். அவன் சொன்னது நியாயமான புகார், அதற்குப் பதில் அவனுக்கான நேரம். அவனுக்கென்று ஒரு நேரம் தினமும் தவறாமல் வருகிறது என்று தெரிந்துவிட்டால், உங்களுடைய நேரத்தில் அவன் இழுக்க மாட்டான். என் இளையவன் எழுதும் மேசைக்கு அடியில் அவனுக்கென்று ஒரு குயர் நோட்டு வைத்திருந்தான், நான் எழுதி முடிப்பதற்குள் அவனும் ரயில் படம் போட்டு முடித்துவிடுவான். வேலை ரொம்ப ஓடுகிற நாட்களில் எனக்கும் அந்தக் குற்றவுணர்ச்சி வந்திருக்கிறது. அலுவலகம் போகும் அப்பாவிடம் எந்தக் குழந்தையாவது இப்படிக் கேட்டு, அதற்காக அப்பா வேலையை விட்டிருக்கிறாரா என்று யோசித்துப் பார்ப்பேன்.

எனக்கு 58 வயது. பிள்ளைகளை வளர்த்துக் கல்யாணம் செய்து கொடுத்தாயிற்று. இனி எழுதலாம் என்று நோட்டு வாங்கினேன். மகள் வேலைக்குப் போவதால் பேத்தியை (2 வயது) நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை. இத்துடன் ஒரு கதை அனுப்பியிருக்கிறேன். – வாசகி, விழுப்புரம்

அம்மா, முடியாது என்று நீங்கள் சொல்ல வேண்டாம். மற்ற கேள்விகளுக்கெல்லாம் இன்னொரு கை வேண்டும் என்று எழுதினேனே, உங்கள் மகளுக்கு அந்தக் கை நீங்கள். அவர் வேலைக்குப் போவது உங்களால்தான். ஆனால் உங்களுக்கும் ஒரு கை வேண்டும், அதை மகளிடமும் மருமகனிடமும் வாய் திறந்து கேளுங்கள். வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர்களில் ஒருவர் சீக்கிரம் வந்து பேத்தியை வாங்கிக்கொள்ளட்டும். அல்லது பக்கத்தில் அங்கன்வாடி இருந்தால், பேத்திக்கு எந்த வயதில் அங்கே போகலாம் என்று விசாரித்து வையுங்கள். இவ்வளவு வருஷம் கேட்காமலே இருந்துவிட்டதால் கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். காரணம் கேட்டால் கோயில், டாக்டர் என்று எதையும் சொல்லாதீர்கள், எழுதப் போகிறேன் என்றே சொல்லுங்கள்.

உங்கள் கதையைப் படித்தேன். கல்யாண வீட்டுப் பகுதி எல்லோரும் எழுதுவதுதான், அதைச் சுருக்கிவிடலாம். மூன்றாவது பக்கத்தில், கிணறு வற்றிய வருஷம் உங்கள் அம்மா விடிவதற்கு முன்பு உள்ளே இறங்கிச் சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்ற, மேலே நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதாக எட்டு வரியில் வருகிறது. அந்த எட்டு வரிதான் கதை. அம்மா உள்ளே இருந்தபோது உங்களோடு என்ன பேசினார், கயிறு கையில் எப்படி இருந்தது, எத்தனை நாள் அப்படி நின்றீர்கள், இதையெல்லாம் எழுதி அனுப்புங்கள். அவசரமில்லை, ஆடி மாதத்துக்குள் வந்தால் போதும்.